கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் பிரிட்ஜ் தெரியும் என்றால்

பிரிட்ஜ் சீட்டாட்டம் தெரிந்த ஒருவர் தெரியாத துணைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், பெரும்பாலும் ஏலத்தில்தான் ஆரம்பிப்பார். ஒரு நோ ட்ரம்ப் என்றால் 15 முதல் 17 புள்ளி, அதற்கு இரண்டு கிளாவர் சொன்னால் ஸ்டேமன், நான்கு நோ ட்ரம்ப் என்றால் ஏஸ் எத்தனை என்று கேட்பது. அரை மணி நேரத்தில் எதிரே இருப்பவருக்குத் தலை சுற்றிவிடும். "இது எனக்கு வராது, நீங்களே ஆடிக்கோங்க" என்று எழுந்து போய்விடுவார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றை ஜெயிப்பது ஒரு பிடி. எத்தனை பிடி எடுப்போம் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் ஏலம். பிடி எடுத்தே பழகாதவர் அதை எப்படிச் சொல்வார்?

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் சீட்டை இறக்கி ஆடட்டும். துருப்பு, டம்மி, கணக்கு எல்லாம் ஒவ்வொன்றாக வரட்டும். ஏலத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன்

அவருக்கு ஏற்கெனவே என்ன ஆட்டம் தெரியும் என்று கேளுங்கள். ரம்மி மட்டும் தெரிந்தவருக்கு இனங்களும் வரிசையும் தெரியும், பிடி எடுப்பது புதிது. இருபத்தெட்டோ 304-ஓ ஆடியவர் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. எதிரே இருப்பவர் கூட்டாளி, இறக்கிய இனத்தையே போட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பால் வெட்டலாம் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம்.

ஆனால் இருபத்தெட்டு ஆடியவர் இரண்டு பழக்கங்களை விட வேண்டியிருக்கும். அங்கே ஜாக்தான் பெரியது, அடுத்தது 9, ஏஸ் அதற்கும் கீழே. பிரிட்ஜில் ஏஸ், கிங், குயின், ஜாக், 10 என்று நேர்வரிசை. இரண்டாவதுதான் அதிகம் குழப்பும். இருபத்தெட்டில் சீட்டுக்குள்ளேயே புள்ளி இருக்கிறது. ஜாக் விழுந்த பிடிக்கு மூன்று புள்ளி, 9 விழுந்த பிடிக்கு இரண்டு. பிரிட்ஜில் எந்தப் பிடியும் ஒரு பிடிதான், அதற்குள் நான்கு ஏஸ் கிடந்தாலும் சரி, நான்கு இரண்டு கிடந்தாலும் சரி. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணுவது கையின் பலத்தை மதிப்பிட மட்டுமே. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் பின்னால் நிறைய நேரம் மிச்சமாகும்.

வீட்டில் இரண்டு பேர்தான் என்றால் நான்கு கைக்கு எங்கே போவது? சீட்டு தெரிந்த மகனோ மகளோ, மாமனாரோ இருந்தால் உட்கார வையுங்கள். அவர்களுக்குப் பிரிட்ஜ் தெரிய வேண்டியதில்லை, முதல் சில நாள் ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் ஆடலாம். யாருமே இல்லையென்றால் நான்கு கையையும் மேஜையில் திறந்து வைத்து இருவருமாகச் சேர்ந்து ஆடுங்கள். எல்லாச் சீட்டும் கண்ணுக்குத் தெரியும்போது ஒரு பிடி ஏன் ஜெயித்தது, ஏன் போனது என்பது புதியவருக்குச் சட்டென்று பிடிபடும்.

முதல் நாள்: வெறும் பிடிகள்

சீட்டைக் கலைத்து ஆளுக்கு 13 போடுங்கள். துருப்பு வேண்டாம், டம்மி வேண்டாம், கணக்கு வேண்டாம். எந்த ஜோடி அதிகப் பிடி எடுக்கிறது என்று மட்டும் பாருங்கள். நான்கைந்து ஆட்டம் போதும். அதற்குள்ளேயே ஒரு விஷயம் அவர் கண்ணில் படும்: ஒரு இனத்தில் எல்லாரிடமும் சீட்டு தீர்ந்துபோனால் கையில் மிஞ்சியிருக்கும் 5 கூட ஒரு பிடி எடுக்கிறது. அவராகக் கண்டுபிடிக்கும்வரை அதைச் சொல்லாதீர்கள்.

அடுத்த முறை துருப்பு சேர்க்கலாம். கடைசியாகப் போட்ட சீட்டைத் திருப்பி, அந்த இனம் துருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விஸ்ட் ஆட்டம் இப்படித்தான், பிரிட்ஜ் பிறந்ததே அதிலிருந்துதான். இங்கே கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: நம் ஜோடியிடம் துருப்பு அதிகம் இருந்தால், எதிரணியின் துருப்பை முதலில் உருவிவிட வேண்டும். அப்போது எண்ணும் பழக்கம் வரும். எங்களிடம் 8, அவர்களிடம் 5, இரண்டு சுற்றில் நான்கு விழுந்தன, இன்னும் ஒன்று வெளியே. ஐந்து சீட்டு வெளியே இருந்தால் 100-க்கு 68 முறை அது மூன்றும் இரண்டுமாகத்தான் பிரிந்திருக்கும் என்ற கணக்கையும் சொல்லுங்கள். மனப்பாடம் செய்ய அல்ல, மூன்று சுற்றில் துருப்பு தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்காக.

டம்மி வந்த பிறகுதான் இது பிரிட்ஜ்

இந்தக் கட்டத்துக்கு மினிபிரிட்ஜ் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. பிரான்சிலும் நெதர்லாந்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை வைத்துத்தான் பிரிட்ஜ் சொல்லிக்கொடுத்தார்கள். ஏலம் கிடையாது. சீட்டு போட்டவரில் தொடங்கி ஒவ்வொருவரும் தன் கையின் புள்ளியை உரக்கச் சொல்ல வேண்டும். நான்கும் சேர்ந்து 40 வர வேண்டும், வராவிட்டால் யாரோ தப்பாக எண்ணியிருக்கிறார்கள். புள்ளி அதிகம் உள்ள ஜோடி ஆடும். அந்த ஜோடியில் அதிகப் புள்ளி உள்ளவர் டிக்ளேரர், அதாவது இரண்டு கையையும் ஆடுபவர், மற்றவர் டம்மி. டம்மி கையைத் திறந்து வைத்ததும் டிக்ளேரர் இரண்டு கையையும் பார்த்து, துருப்பு எது, எத்தனை பிடி இலக்கு என்று முடிவு செய்வார். 20-20 என்று வந்தால் மறுபடி போடுங்கள்.

இலக்குக்கு மூன்று எண் போதும். இருவரிடமும் சேர்த்து 25 புள்ளி இருந்தால் கேம் என்ற பெரிய இலக்கு. ஸ்பேடிலோ ஆர்ட்டினிலோ இருவருக்கும் சேர்த்து எட்டுச் சீட்டு இருந்தால் அதைத் துருப்பாக்கி 10 பிடி. இல்லையென்றால் துருப்பே இல்லாமல், அதாவது நோ ட்ரம்பில், 9 பிடி. 25 இல்லாவிட்டால் 7 பிடி எடுத்தாலே வெற்றி.

இந்தக் கட்டத்தில் நிறைய நாள் இருங்கள். அவசரப்படுபவர்கள் தாண்டிப்போவது இதைத்தான். டிக்ளேரராக உட்கார்ந்து யோசிக்கும் சுகம் ஒருமுறை பிடித்துவிட்டால், அப்புறம் ஏலத்தை அவரே கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்வார்.

கலைத்துப் போடும் ஆட்டங்களுக்கு நடுவே, நீங்கள் முன்கூட்டி அடுக்கிவைத்த ஆட்டம் ஒன்றிரண்டு இருக்கட்டும். நான் எல்லாருக்கும் முதலில் போடச் சொல்லும் ஆட்டம் இது:

தெற்கு (புதியவர்): ஸ்பேட் ஏஸ், கிங், 4. ஆர்ட்டின் ஏஸ், 8, 5. டைமன் கிங், 8, 3. கிளாவர் கிங், 6, 4, 2.
வடக்கு (டம்மி): ஸ்பேட் 7, 5, 2. ஆர்ட்டின் கிங், 6, 4. டைமன் குயின், ஜாக், 10, 9, 5. கிளாவர் ஏஸ், 3.
மேற்கு: ஸ்பேட் குயின், ஜாக், 10, 9, 6. ஆர்ட்டின் ஜாக், 7, 3. டைமன் 7, 4. கிளாவர் குயின், 9, 5.
கிழக்கு: ஸ்பேட் 8, 3. ஆர்ட்டின் குயின், 10, 9, 2. டைமன் ஏஸ், 6, 2. கிளாவர் ஜாக், 10, 8, 7.

தெற்குக்கு 17, டம்மிக்கு 10, மொத்தம் 27. நோ ட்ரம்பில் 9 பிடி இலக்கு. மேற்கு ஸ்பேட் குயினை இறக்குகிறார். புதியவர் கிட்டத்தட்ட எல்லாரும் செய்வது இதைத்தான்: ஸ்பேட் ஏஸ், கிங், ஆர்ட்டின் ஏஸ், கிங், கிளாவர் ஏஸ், கிங் என்று கையில் மின்னுவதையெல்லாம் அடித்து ஆறு பிடியை அடுக்கிவிடுவார். பிறகு டைமன் கிங்கை இறக்குவார். கிழக்கு ஏஸால் பிடித்து, ஆர்ட்டின் குயினையும் 10-ஐயும் எடுத்து, கிளாவர் ஜாக்கை இறக்குவார். மேற்கு அதைக் குயினால் பிடித்து, காத்திருக்கும் மூன்று ஸ்பேடையும் எடுத்துவிடுவார். ஏழு பிடியும் வரிசையாகப் போய்விட்டது. ஆறோடு நின்றாயிற்று.

இப்போது அதே சீட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள். "டைமன் ஏஸ் எப்படியும் அவங்களுக்குத்தான். அதை எப்போ விட்டுக்கொடுத்தா நமக்கு வலிக்காது?" என்று மட்டும் கேளுங்கள். ஸ்பேட் ஏஸால் பிடித்த கையோடு டைமன் கிங்கை இறக்கிப் பார்ப்பார். கிழக்கு ஏஸால் பிடித்து ஸ்பேடைத் திருப்பினால் கிங் காத்திருக்கிறது. உடனே பிடிக்காமல் விட்டால் டைமனையே தொடரலாம். ஏஸ் போனதும் டம்மியில் டைமன் முழுக்க நம்முடையது. நான்கு டைமன், இரண்டு ஸ்பேட், இரண்டு ஆர்ட்டின், இரண்டு கிளாவர், ஆகப் பத்து. ஒரே 52 சீட்டு, ஆறுக்கும் பத்துக்கும் நடுவே வரிசை மட்டும்தான் மாறியது. முதல் சீட்டு இறங்கியதும் டம்மியைப் பார்த்து, உறுதியான பிடி எத்தனை, மீதி எங்கிருந்து வரும் என்று எண்ணிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தானே புரிந்துவிடும்.

ஃபினெஸையும், அதாவது எதிரணியின் பெரிய சீட்டு எந்தப் பக்கம் என்று ஊகித்து அதைவிடச் சின்னதால் பிடி எடுக்கப் பார்ப்பதையும், இப்படியே அடுக்கிக் காட்டுங்கள். டம்மியில் ஏஸ், குயின், வெளியே கிங். கிங் டிக்ளேரருக்கு இடப்பக்கம் இருந்தால் குயின் பிடி எடுக்கும், வலப்பக்கம் இருந்தால் எடுக்காது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. கிங்கை இரண்டு பக்கமும் மாற்றி வைத்து இரண்டு முறை ஆடினால் போதும்.

டம்மிக்குச் சட்டம் சொல்வது

சொல்லிக்கொடுப்பவரின் நடத்தைக்குத் தனியாக அறிவுரை தேட வேண்டாம், பிரிட்ஜ் சட்டத்திலேயே இருக்கிறது. டம்மி ஆட்டத்தில் தலையிடக் கூடாது. எந்தச் சீட்டைப் போடலாம் என்று வாயாலோ கையாலோ காட்டக் கூடாது. இனத்தைப் போடாமல் வேறு சீட்டு போட்டால் "ஸ்பேட் இல்லையா?" என்று கேட்கலாம், தப்பான கையிலிருந்து இறக்கப்போனால் தடுக்கலாம். அவ்வளவுதான். டம்மியாக இல்லாதபோதும் குரலாலோ முகத்தாலோ கூட்டாளிக்குத் தகவல் சொல்வது விதிமீறல். ஆகவே நீங்கள் விடும் பெருமூச்சு, உயர்த்தும் புருவம், மேஜையில் தட்டும் விரல் எல்லாமே வீட்டுக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது. முதல் நாளிலிருந்தே இதைக் கடைப்பிடித்தால் அவர் கிளப்புக்குப் போகும்போது சரியான பழக்கத்தோடு போவார்.

ஆட்டம் முடிந்த பிறகு பேசலாம், ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு விஷயம். அவர் ஐந்து தப்பு செய்திருந்தாலும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் கேள்வியாக. சொல்லிக்கொடுப்பவர் மனைவி என்று வைத்துக்கொள்வோம்.

"ஏங்க, மூணாவது பிடியில ஆர்ட்டின் இறக்கினீங்களே, அப்போ என்ன நினைச்சீங்க?"

"துருப்பு தீர்ந்துபோச்சுன்னு நினைச்சேன்."

"எத்தனை விழுந்திருந்தது?"

"நாலு... அப்போ ஒண்ணு வெளியே இருந்திருக்கு. சரி சரி, புரியுது."

இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அவர் நன்றாக ஆடிய இடத்தையும் இதே துல்லியத்தோடு சொல்லுங்கள். "நல்லா ஆடினீங்க" என்பது காதில் நிற்காது. "கிளாவர் ஏஸை டம்மியில விட்டுவெச்சீங்க பாருங்க, அதனாலதான் திரும்பிப் போக வழி இருந்தது" என்றால் அடுத்த முறையும் அதைச் செய்வார்.

இதில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. மற்றவர்கள் முன்னால் துணையைத் திருத்தவே கூடாது. 1929 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஜான் பென்னட், மிர்ட்டில் பென்னட் தம்பதி பக்கத்து வீட்டுத் தம்பதியோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பேட் துருப்பில் 10 பிடி என்று கணவர் ஆடிய ஆட்டம் தோற்றது, வார்த்தை முற்றியது, அவர் மனைவியைக் கன்னத்தில் அறைந்தார், அவள் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டாள். 1931-ல் நீதிமன்றம் அவளை விடுவித்தது. நூறாண்டு நெருங்கியும் பிரிட்ஜ் உலகம் அந்த இரவை மறக்கவில்லை. அதே 1931-ன் கடைசியில் நியூயார்க்கில் 150 ரப்பர் (மூன்றில் இரண்டு கேம் ஜெயிப்பது ஒரு ரப்பர்) போட்டி ஒன்று தொடங்கி, ஊரே பத்திரிகையில் பின்தொடர்ந்தது. ஜெயித்த அணியில் பெரும்பகுதி ஜோடியாக ஆடியவர்கள் ஈலி கல்பர்ட்சனும் அவர் மனைவி ஜோசஃபினும்தான். கணவனும் மனைவியும் உச்சத்தில் ஜோடியாக ஆட முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஏலம்: ஒரு தாளில் அடங்க வேண்டும்

மினிபிரிட்ஜில் கை பழகியதும் அவரே கேட்பார், "புள்ளியைச் சொல்லாம எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று. அந்தக் கேள்வி வந்த நாள்தான் ஏலத்தைத் தொடங்கச் சரியான நாள்.

முதலில் அளவு. ஒன்று என்று சொன்னால் ஏழு பிடி, ஆறோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று என்றால் ஒன்பது. வரிசை கிளாவர், டைமன், ஆர்ட்டின், ஸ்பேட், அதற்கு மேலே நோ ட்ரம்ப். கிளாவர், டைமனில் பிடிக்கு 20, ஆர்ட்டின், ஸ்பேடில் 30, நோ ட்ரம்பில் முதல் பிடிக்கு 40, பிறகு 30. நூறைத் தொட்டால் கேம். மூன்று நோ ட்ரம்ப், நான்கு ஆர்ட்டின், நான்கு ஸ்பேட் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரியும். கிளாவரிலும் டைமனிலும் கேமுக்கு ஐந்து வரை போக வேண்டும் என்பதால்தான் அவற்றை விட்டு நோ ட்ரம்புக்கு ஓடுகிறோம்.

அடுத்து ஒரு நோ ட்ரம்ப் மட்டும். 15 முதல் 17 புள்ளி, எந்த இனமும் ரொம்ப நீளமோ ரொம்பக் குட்டையோ இல்லாத கை. கூட்டாளிக்கு 7 வரை இருந்தால் பாஸ், 8 அல்லது 9 இருந்தால் இரண்டு நோ ட்ரம்ப், 10-ஓ அதற்கு மேலோ இருந்தால் மூன்று நோ ட்ரம்ப். மேலே அடுக்கிய அதே ஆட்டத்தை மறுபடி போட்டு ஏலம் விடச் சொல்லுங்கள். தெற்கு ஒரு நோ ட்ரம்ப், வடக்கு மூன்று. அன்று புள்ளியை உரக்கச் சொல்லிச் சேர்ந்த இடத்துக்கு இன்று இரண்டே வார்த்தையில் சேர்ந்துவிட்டார்கள்.

அது சரளமான பிறகு, ஸ்பேடிலோ ஆர்ட்டினிலோ ஐந்து சீட்டும் 12 புள்ளியும் இருந்தால் ஒன்று என்று திறப்பது. கூட்டாளிக்கு அந்த இனத்தில் மூன்று சீட்டு இருந்தால், 6 முதல் 9 புள்ளிக்கு இரண்டு, 10 முதல் 12-க்கு மூன்று, அதற்கு மேல் நான்கு. ஐந்து சீட்டு இல்லாத திறப்புக் கைக்கு நீளமான டைமனோ கிளாவரோ. ஆரம்பத்துக்கு இது தாராளம். இதை அவர் தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து ஆடட்டும். ஸ்டேமன், பிளாக்வுட், டிரான்ஸ்ஃபர் போன்ற சிறப்பு ஏல முறைகள் எதுவும் அந்தத் தாளில் ஏற வேண்டாம். தேவை என்று ஓர் ஆட்டத்திலாவது அவருக்கே தோன்றிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

எதிரணியாக ஆடுவதுதான் பிரிட்ஜில் கடினமானது. அதற்கு ஆரம்பத்தில் நான்கே பழக்கம்: அடுத்தடுத்த சீட்டுகள் இருந்தால் உச்சியை இறக்குவது (மேற்கு குயின், ஜாக், 10, 9-லிருந்து குயினை இறக்கியது இதனால்தான்), நோ ட்ரம்புக்கு எதிராக நீளமான இனத்தின் நான்காவது பெரிய சீட்டு, இரண்டாவதாகப் போடுபவர் சின்னது, மூன்றாவதாகப் போடுபவர் பெரியது. விதிவிலக்குகள் தானாக வரும்.

ஜோடியை மாற்றுங்கள்

வீட்டுக்கு வேறொரு தம்பதி ஆட வந்தால், எப்போதும் உங்கள் துணையோடு நீங்களே ஜோடி சேராதீர்கள். அவரை அந்த வீட்டு அனுபவசாலியோடு உட்கார வைத்து, நீங்கள் எதிரணியில் உட்காருங்கள். நீங்கள் பத்து முறை சொல்லிக் காதில் ஏறாதது, வேறொருவர் ஒருமுறை சொன்னால் ஏறும். அதற்காக வருத்தப்படத் தேவையில்லை.

ஆள் கிடைக்காத நாளுக்கு பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற இணையதளம் இருக்கிறது. ரோபோக்களோடு தனியாக ஆடலாம், எத்தனை நேரம் யோசித்தாலும் ரோபோ முகம் சுளிக்காது. அவர் ஆடும்போது தோளுக்குப் பின்னால் நிற்காமல் இருப்பதுதான் உங்கள் பங்கு. பெரிய போட்டிகளை அதிலேயே நேரலையில் பார்க்கவும் முடியும். 2015-ல் உலக அணிப் போட்டி சென்னையிலேயே நடந்து, பெர்முடா கோப்பையைப் போலந்து எடுத்துப்போனது. இந்த வயதில் என்ன கற்றுக்கொள்வது என்று தயங்குபவரிடம் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைச் சொல்லுங்கள். பிரிட்ஜ் அங்கே முதல் முறையாக இடம்பெற்றது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்றவர்கள் நம் நாட்டின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். பர்தனுக்கு அப்போது 60 வயது.

கிளப்பில் முதல் நாள்

ஓர் ஆட்டத்துக்கு ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும், மொத்தம் மூன்று மணி நேரம் போல ஓடும். வீட்டில் நிதானமாக ஆடியவருக்கு இந்த வேகம் மலைப்பாக இருக்கும். அதனால் முந்தைய வாரமே கடிகாரம் வைத்து இரண்டொரு மாலை ஆடிப் பாருங்கள். பிட்டிங் பாக்ஸிலிருந்து அட்டையை எடுத்து வைக்கவும் பழக்குங்கள், அங்கே ஏலத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். மேஜைக்கு மேஜை போகும்போது எதிரணியிடம் "இவர் புதியவர்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பெரும்பாலோர் பொறுமையாக இருப்பார்கள். யாராவது அவரிடம் கடுமையாகப் பேசினால் நீங்கள் பதிலுக்குப் பேச வேண்டாம், ஆட்டத்தை நடத்தும் டைரக்டரைக் கூப்பிடுங்கள். அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

ஸ்கோரை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அவர் சீட்டை மட்டும் கவனிக்கட்டும். பல கிளப்பில் முடிந்ததும் எல்லா ஆட்டத்தின் சீட்டும் அச்சிட்ட தாள் கொடுப்பார்கள். வீடு திரும்பும் வழியில் அதைப் பிரிக்க வேண்டாம். மறுநாள் காபி குடிக்கும்போது எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று அவரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.